சூளை ப்ளோயரும் நம் கோயில் ஆர்கனும்

விருத்தாசலம்,
2025 நவம்பர் 23, கிறிஸ்து அரசர் திருநாள், காலை 10.15.
பூசைக்கு வந்தவர்கள் 214 பேர். பாடியவர்கள் 214 பேர்.

புதுச்சேரியில் மகள் ஜெனிபர் வீட்டில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் தாய்மாமா அருளானந்தம் அவர்களுக்கு, மருமகன் ஜெரின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு அனைவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. இனி ஆர்கனுக்கு அது தேவையில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே திட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கால் வலி என்று பெடல் மிதிப்பதை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனதும், பங்குப் பேரவையில் ஜூடு அண்ணன் எழுந்து, "மிதிக்க ஆள் இல்லாத ஆர்கன் எதுக்குங்க? காயலான் கடைக்குப் போட்டுட்டு கீபோர்டு வாங்குவோம்" என்றார். திருநாளன்று ஆர்கன் பாடாவிட்டால் மறுநாளே வண்டி ஏற்றுவதாகத் தீர்மானம். நீங்களோ, "ஆர்கன் போச்சுன்னா கிறிஸ்துமஸுக்கு அந்தக் கோயில் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து அம்மா அடுப்படியில் நின்று அழுகிறது, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று நானே இறங்கினேன். ஆர்கன் என்றால் என்ன மாமா? மரப்பெட்டி, பித்தளை நாக்கு மாதிரி ரீடு, காற்று. அவ்வளவுதான். காற்றுக்கு மனுஷன் முழங்காலை நம்பினது டிசைன் கோளாறு. எங்க கம்பெனியில பீங்கான் ஃப்யூஸ் கட்டை வேகுற சூளைக்குக் காத்து ஊத ஒரு ப்ளோயர் இருக்குது. முதலாளி தேவநாதன் சார்கிட்ட, "கோயிலுக்கு ரெண்டு நாள் வேணும் சார்"னு கேட்டேன். "பழமலைநாதர் கோயிலுக்கா?"ன்னாரு. "இல்ல சார், எங்க கோயிலுக்கு." "எந்தச் சாமிக்கு ஊதுனா எனக்கென்னப்பா, திங்கக்கிழமை சூளை பத்த வைக்கறதுக்குள்ள வந்துடணும்." உங்ககிட்ட போன்ல சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க? "சூளைக்கு ஊதறத ஆர்கனுக்கு ஊதாதடா முட்டாப்பயலே, ரீடு பிச்சிக்கும்." பிச்சிக்கல மாமா!

சனிக்கிழமை ப்ளோயரை ஆர்கனுக்குப் பின்னால வச்சு, ஆடாம இருக்கட்டும்னு பாடகர் மேடைப் பலகையோட போல்ட் போட்டு இறுக்கி, குழாயை மாட்டிப் பார்த்தேன். ஆர்கன் கணீர்னு பேசிச்சு. இன்னைக்கு வருகைப் பாட்டு, பாட்டு எடுத்துக் குடுக்கற அன்னாள் டீச்சர் வாயைத் திறக்கறாங்க, நான் சுவிட்ச் போட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்து கட்டையில கை வைக்கறேன், பின்னால 'டப்'புனு ஒரு சத்தம், யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழ போட்டாங்க போல, அடுத்த நிமிஷம் குழாய்க்குள்ள ஒட்டியிருந்த வெள்ளை மண் புகையா கிளம்பி நேரா ஜூடு அண்ணன் மேல. ஃபாதர் அங்கி வெள்ளை, சேதாரம் தெரியல. ஜூடு அண்ணன் போன வாரம் சாயம் பூசின மீசை மட்டும் அறுபது வயசுக்குத் திரும்பிடுச்சு. அப்புறம் பார்த்தா, நான் எந்தக் கட்டையை அமுக்கினாலும் ஒரே சுரம்தான் வருது. ஒரு ரீடு திறந்தபடி மாட்டிக்கிச்சுன்னு உடனே கண்டுபிடிச்சிட்டேன். மொபைல்ல சுருதி காட்டற ஆப்ல வச்சுப் பார்த்தேன், G. துளி அசையல. ஆனா அங்கதான் மாமா வெற்றி! அன்னாள் டீச்சர் எப்பவும் உச்சியில ஆரம்பிப்பாங்க, மூணாவது சரணத்துல அவங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க. இன்னைக்கு அந்த 'ம்ம்ம்'ங்கற சத்தம் அவங்களைப் பிடிச்சு உக்கார வச்சிடுச்சு, மேல போகவே விடல. சனம் மொத்தமும் அதே சுருதியில வந்து நின்னுச்சு. வெளிய பைக் மேல உக்காந்து பூசை பாக்கற கூட்டம் உள்ள வந்து பாடிச்சு. சுவிட்சை அணைக்க எழுந்தா அன்னாள் டீச்சர், "தொட்டே கைய ஒடிச்சிடுவேன்"னாங்க. ஃபாதர் பிரசங்கத்தையும் அதே G-யில இழுத்துப் பார்த்துட்டு, மூச்சு முட்டி பாதியில முடிச்சிட்டாரு. அதுக்கும் சனம் எனக்குத்தான் கை குடுத்துச்சு.

பூசை முடிஞ்சு ஃபாதர் தோளைத் தட்டி, "நம்ம பங்கு இன்னைக்குத்தான்டா ஒரே குரல்ல பாடிச்சு"ன்னாரு. ஜூடு அண்ணன் மீசையைத் துடைச்சிக்கிட்டே, "நான் பாடினா எங்க வூட்டு நாய் எழுந்து போயிடும், என்னையே பாட வச்சிடுச்சே, இதை யாரு விப்பா?"ன்னாரு. தீர்மானம் ரத்து! முழங்கால் தோத்துடுச்சு, ப்ளோயர் ஜெயிச்சிடுச்சு. வாங்க, கிறிஸ்துமஸ் பூசைக்குக் காலை ஆட்டாம உக்காந்து வாசிங்க.

மாதா உங்கள் முழங்காலையும், என்னைத் திட்டும் வாயையும் காப்பாற்றட்டும். ஜெனிபருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஜெயித்த மருமகன்
ஜெரின்

பின்குறிப்பு (மதியம்): மாட்டிக்கிட்ட ரீடைச் சரி பண்ணலாம்னு இப்பதான் பின்பலகையைக் கழட்டினேன். எந்த ரீடும் மாட்டிக்கல. குழாய் கழண்டு தரையில கிடக்குது. அந்த 'டப்' பாட்டுப் புத்தகம் இல்ல மாமா. பூசை முழுக்க ஆர்கன் வாயையே திறக்கல. 214 பேரும் ப்ளோயர் மோட்டார் முனகலுக்குத்தான் பாடியிருக்காங்க, மேடைப் பலகை அதை வாங்கிப் பெருசாக்கியிருக்குது. நம்ம கரண்டு செகண்டுக்கு ஐம்பது தடவை துடிக்குது, மோட்டார் முனகறது அதுல ரெண்டு மடங்கு, நூறு. அது ஏறக்குறைய G. டிப்ளமோ வாங்கினவனுக்கு ஸ்டூல்ல உக்காந்தப்பவே இது உறைச்சிருக்கணும். குழாயை எடுத்துப் போட்டுட்டு, பெடலைச் சும்மா காலால மிதிச்சுப் பார்த்தேன். எல்லாக் கட்டையும் தேனா பேசுது. ஆனாலும் தீர்மானம் ரத்து ரத்துதான், அதுல மாத்தம் கிடையாது. ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. இருட்டறதுக்குள்ள ப்ளோயரை தேவநாதன் சார் சூளையில மாட்டிடுவேன்.
2. ஜூடு அண்ணன்கிட்ட மூச்சு விடமாட்டேன். நீங்களும் விடக்கூடாது.
3. அன்னாள் டீச்சர் முனகல் எங்கன்னு கேட்டா, மாமா வந்து சரி பண்ணிட்டாருன்னு சொல்லிடுவேன். அதனால நீங்க வந்தே ஆகணும்.
4. கிறிஸ்துமஸ் பூசையில நீங்க ஸ்டூல்ல உக்காந்து வாசிங்க. நான் கீழ தரையில உக்காந்து ரெண்டு கையாலயும் பெடலை அமுக்கறேன்.