அஞ்சு வரிக்கு மேல் அவன் பார்க்கமாட்டான்

இந்த உலகத்தில் மனுஷனுக்கு வரக்கூடிய அத்தனை கஷ்டத்தையும் அஞ்சே வரியில் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஒரே ஆத்மா சிதம்பரத்தில்தான் இருந்தது. மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், என் அறைக்குப் பக்கத்து அறையில். அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று அவனுக்குக் கட்டாயம் இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. தபால்காரர்கூட கீழே நின்று, "அஞ்சு வரி சார் இருக்காரா?" என்றுதான் குரல் கொடுப்பார்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நடந்த கதை இது. நான் வேளாண் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் தற்காலிக உதவியாளர். எனக்கு ஊர் காட்டுமன்னார்கோயில், அவனுக்கு மேல்பட்டாம்பாக்கம். இரண்டு பேருக்கும் முப்பதை நெருங்கும் வயசு, முன்மண்டையில் முடி கொட்டிக்கொண்டிருந்த காலம்.

ஆராய்ச்சி மாணவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அதைக் கணினியில் ஏற்றி, ஒழுங்குபடுத்தி, கணக்குப் போட்டு, வரைபடமாகப் போடவேண்டும். அதற்கு 'ஆர்' என்று ஒரு இலவச மென்பொருள். ஒற்றை எழுத்துதான் மொத்தப் பேரே. "இனிஷியல் மட்டும் சொல்றியே, பேரு என்னடா?" என்று என் அப்பா கேட்டார். பேர் சின்னது, படுத்தும் பாடு பெரிசு. ஒரு கமா விட்டுப்போனாலும் சிவப்பாகத் திட்டும். திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வந்து நிற்குமிடம் அஞ்சு வரியின் அறை வாசல்.

அந்தக் கதவில் ஒரு அட்டை தொங்கும். 'அஞ்சு வரிக்கு மேல் பார்க்கப்படமாட்டாது.' உங்களிடம் முந்நூறு பேருடைய தகவல் இருக்கலாம், மூவாயிரம் இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. அதே தப்பு வருகிற மாதிரி அஞ்சே அஞ்சு வரி எடுத்துக்கொண்டு போகவேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. "ஒரு வரிய எடுத்துட்டுப் பாரு. எடுத்த பின்னாடியும் தப்பு அப்படியே இருந்தா, அது தேவையில்லாத வரி. தூக்கிப் போடு."

கணினியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்காரம்மா ஒருநாள் காலையில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று ஆரம்பித்து, மோட்டார் வாங்கின கதை, மச்சினர் ஏமாற்றின கதை என்று போய்க்கொண்டே இருந்தார். இவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். அந்தம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் எண்ணி எண்ணிச் சொன்னார். மூணாவது வரியிலேயே, "ஐயையோ, கீழ வால்வ நான்தானே மூடுனேன்!" என்று படியிறங்கி ஓடினார்.

மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்று பத்துப் பேர் சண்டைக்கு நின்ற அன்றைக்கு இவன் மட்டும் மாஸ்டரிடம் போய், "நாளைக்கு பெருங்காயத்த எடுங்க. நாளன்னைக்கு பொடிய மாத்துங்க. எத எடுத்தா நாத்தம் போவுதுன்னு பாப்போம்" என்றான். மாஸ்டர் கரண்டியை எடுத்தார், நாற்றம் போயிற்றா என்று தெரியாது, இவன் போய்விட்டான். டாக்டரிடம் போனாலும் துண்டுச் சீட்டில் அஞ்சு வரி எழுதிக்கொண்டுதான் போவான். அந்த டாக்டர் மட்டும் இவனைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுப்பார் என்று கேள்வி.

என் விவகாரத்துக்கு வருகிறேன். வீராணம் பாசனத்தில் இருநூற்று நாற்பது விவசாயிகளைப் பார்த்துப் பேசியிருந்தேன். வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் வந்தது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது, இவ்வளவுதான் கேள்வி. இரண்டையும் வைத்து வரைபடம் போட்டால் கோடு தலைகீழாக இறங்குகிறது. தண்ணீரே எட்டிப் பார்க்காத கடைமடையில் அமோக விளைச்சல். மதகு ஓரத்தில் சுமார்தான்.

என் நெறியாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பெரிய கண்டுபிடிப்புய்யா இது! கடைமடைக்கு அவ்ளோ தண்ணி விடவே தேவையில்லன்னு ஆவுது பாரு!"

எனக்கும் தலைகால் புரியவில்லை. கடலூரில் ஒரு கல்லூரி, மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் விரிவுரையாளர் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தது. கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். அப்பாவுக்கு இருப்பதே கடைமடையில் ரெண்டு ஏக்கர்.

"கடைமடையில அமோகமாடா? எந்த ஊர்ல? சொல்லு, நானும் அங்க போய்டறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசியாக, "இத படிச்சுட்டு எவனாவது வர்ற தண்ணியையும் நிறுத்திடப் போறாம்பா" என்றபோது சிரிப்பில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பென்றால் என் வேலை மட்டும் போகாது.

திங்கட்கிழமை காலையில் மொத்தத் தாளையும் அள்ளிக்கொண்டு அஞ்சு வரியின் அறைக்குப் போனேன்.

"எத்தினி வரி?"

"எரநூத்தி நாப்பதுடா. அவசரம்."

துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "ஐயோ, எடு எடு! வெளிய எடுத்துட்டுப் போ."

"டேய், என் வேலை போயிடும்டா!"

"வேலை போவுதுன்னா ஆறு வரி பாக்க முடியுமா? போய் அஞ்சு கொண்டா மச்சான்."

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கத்திவிட்டு நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் உலகம் பூராவும் சேர்ந்து பேசிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அதில் என் சோகக்கதையை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாள் எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் பதில் போட்டிருந்தார். தயவுசெய்து சின்ன உதாரணமாக, நாலைந்து வரியில் அனுப்பவும் என்று.

அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியபோது அஞ்சு வரியின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டுமே! "யாருடா இந்தப் புண்ணியவான்!" என்று அந்தத் தாளைப் பிடுங்கிக் கதவில் அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டான்.

வேறு வழியில்லை. முதல் அஞ்சு விவசாயிகளை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. "சரியா வருதுடா!" என்று ஓடினேன்.

"தப்பு வராத அஞ்சு வரி எனக்கு எதுக்கு? நல்லா இருக்கிற பல்லை எவனாவது டாக்டருகிட்ட காட்டுவானா? தப்பு வர்ற அஞ்சு கொண்டா."

பாதிப் பாதியாக வெட்டச் சொன்னான். முதல் நூற்றிருபதில் தப்பில்லை, பின் நூற்றிருபதில் இருக்கிறது. அதில் பாதி அறுபது. அப்புறம் முப்பது. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூற்று எழுபத்து மூன்றாவது விவசாயியிடம் வந்து நின்றேன். மூட்டை எத்தனை என்ற கட்டத்தில் எண் இல்லை. ஆங்கில எழுத்தில் 'கேக்கணும்' என்று இருந்தது. தட்டியது வேறு யாருமில்லை, நான்தான். அன்றைக்கு அந்த ஆள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பப் போய்க் கேட்கவேண்டும் என்று எனக்கு நானே எழுதி வைத்துவிட்டு, சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன்.

அவரோடு வேறு நாலு பேரைச் சேர்த்து அஞ்சு வரியாக்கிக் கொடுத்தேன். முதல்முறையாக என் தாளைக் கையில் வாங்கினான். பத்து மூட்டை விளைந்தவருக்குக் கணினி ஒன்று என்று போட்டிருந்தது. இருபத்திரண்டுக்கு இரண்டு. இருபத்தைந்துக்கு மூன்று. எட்டு மூட்டைக்காரருக்கு நாலு. கேக்கணும் என்ற ஆளுக்கு அஞ்சு.

இருநூற்று நாற்பதில் தெரியாதது அஞ்சில் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டதால், அந்த வரிசை மொத்தமும் வார்த்தைதான் என்று கணினி முடிவுகட்டிவிட்டது. அகராதியில் அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கி, வரிசை எண் கொடுத்திருக்கிறது. ஒன்றில் தொடங்கும் பத்து முன்னால், எட்டு பின்னால், இங்கிலீஷ் எழுத்து கடைசியில். அந்த வரிசை எண்ணைத்தான் விளைச்சல் என்று நினைத்து நான் வரைபடம் போட்டிருக்கிறேன். கடைமடையில் அஞ்சும் எட்டும் விளைந்த பாவப்பட்டவர்கள் எல்லாம் உச்சாணியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாத்தியா மச்சான், நீ கேக்கவே கேக்காத ஆளுக்குதான் எல்லாரையும் விட ஜாஸ்தி விளைஞ்சிருக்கு!" என்று அஞ்சு வரி சிரித்த சிரிப்பில் கட்டில் ஒரு முழம் நகர்ந்தது. நான் முறைத்தேன். முறைக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "சரி, கேக்கணும்னு எழுதினியே. கேட்டியா?"

புதன்கிழமை காலை டவுன் பஸ் பிடித்துக் காட்டுமன்னார்கோயில் போனோம். கூடவே வந்தான். அந்தப் பெரியவர் களத்தில் இருந்தார். மூட்டை எத்தனை என்று கேட்டதற்கு, அண்ணன் தம்பி வரப்புத் தகராறிலிருந்து ஆரம்பித்தார். அஞ்சு வரி வழக்கம்போல ஐந்து விரலை விரித்தான். பெரியவர் பேச்சை நிறுத்தி வீட்டுப் பக்கம் திரும்பி, "அஞ்சு டம்ளர் மோரு கொண்டாம்மா!" என்றார். எங்களைப் பார்த்து, "ரெண்டு பேருக்கு அஞ்சா? வெயில்ல வந்தீங்க, பாவம்" என்றார். குடித்தோம். ஆளுக்கு இரண்டரை. விளைச்சல் ஏழு மூட்டை. "தண்ணி எங்க தம்பி வந்துச்சு?" என்றார்.

ஏழு என்று தட்டினேன். கோடு நிமிர்ந்து நின்றது. தண்ணீர் குறையக் குறைய விளைச்சலும் குறைகிறது என்று என் அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த உண்மையை நான் கண்டுபிடித்தேன். நெறியாளர் முகம் தொங்கிப்போய், "கண்டுபிடிப்பு போச்சேப்பா" என்று கையெழுத்துப் போட்டார்.

"தப்பு எங்கன்னு உனக்கு முதல்லயே தெரியுமாடா?" என்று அஞ்சு வரியிடம் கேட்டேன்.

"சத்தியமா தெரியாது மச்சான். எனக்கு கூட்டத்த பாத்தாலே பயம். நான் கல்யாணத்துக்குக்கூட போறதில்ல. எரநூறு பேரு ஒண்ணா நின்னா ஒரு மூஞ்சியும் தெரியாது. அஞ்சு பேருன்னா தெகிரியமா பாப்பேன்."

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இத்தனை நாள் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நன்றியுரை எழுதினேன். இரண்டு பக்கம். அதில் முக்கால் பக்கம் இவனைப் பற்றி. படிக்கக் கொடுத்தது என் தப்பு. பென்சிலை எடுத்து அடித்துக்கொண்டே வந்தான். கடைசியில் அஞ்சு வரி மிச்சமிருந்தது. அப்பா, அம்மா, நெறியாளர், இருநூற்று நாற்பது விவசாயிகள், தட்டச்சு செய்த அக்கா.

"உன்னை எங்கடா?"

"எடுத்துட்டுப் பாரு. உன் ஆய்வு மாறுதா? மாறல இல்ல? அப்ப தேவையில்லாத வரி."

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிற வழியில், பைண்டிங் கடை வாசலில் நின்று, எல்லாப் பிரதியிலும் அஞ்சு வரிக்குக் கீழே பேனாவால் ஆறாவது வரி எழுதினேன். 'அஞ்சு வரிக்கு.' பேர் கேட்டால் சொல்லமாட்டானே, வேறு என்ன எழுதுவது?

வேலை கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூரில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அவனுடைய தற்காலிக வேலையும் முடிந்து, பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். வரவில்லை. வரமாட்டான் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

போன வருஷம் ஒரு வேலையாகச் சிதம்பரம் போனவன், நூலகத்தில் என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். தூசியைத் தட்டி நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தால், ஆறாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்து. அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். 'தேவையில்லாத வரி. எடுக்கவும்.'

எடுத்துப் பார்த்துவிட்டேன் மச்சான். அதை எடுத்தால் மேலே இருக்கிற அஞ்சும் நிற்கவில்லை.