ஐயாயிரம் பிரதியும் ஓர் எருமையும்

ஒரு நகரம் என்றால் அதற்கு நான்கு இருக்க வேண்டும். பார்க்க ஒரு சின்னம், சாப்பிட ஒரு பண்டம், உடுத்த ஓர் உடை, கொண்டாட ஒரு திருவிழா. இது திருப்பதியில் அப்போது இயங்கிவந்த பாரம்பரிய மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் தீர்மானம். அதுவரை திருப்பதிக்காரர்கள் இந்த நான்கும் தங்களிடம் இருப்பது தெரியாமலே பார்த்து, தின்று, உடுத்தி, கொண்டாடிக் காலத்தை வீணாக்கியிருந்தார்கள்.

இரண்டாயிரமாவது வருஷம். தெருவுக்கு நாலு எஸ்.டி.டி. பூத்தும் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் வகுப்பும் முளைத்திருந்த காலம். தொழிற்சாலை கட்ட இடம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள், கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா வாரத்தில் ஊரையும் பார்ப்பார்கள் என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. ஒருங்கிணைப்பு அதிகாரி கோபிகிருஷ்ணன் உடனே வழவழக் காகிதத்தில் ஒரு வண்ணப் புத்தகம் போட்டார். ஐயாயிரம் பிரதி. அச்சாகி வந்த பிறகுதான் அதை ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊரில் நிறையப் பிழைகள் இருந்தன.

பிழை திருத்தும் பணி போர்க்கால அடிப்படையில் தொடங்கியது.

முதல் பக்கத்தில் பழைய கல்மண்டபத்தின் படம். படம் பிடித்த நிமிஷத்தில் பால்காரர் கருப்பனின் எருமை குறுக்கே வந்து நின்றுவிட்டது. ஆகவே காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அந்த எருமை மண்டபத்தின் இடது தூணருகே, தலை தெற்கு நோக்கி இருக்குமாறு நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"அது மேயப் போவணுமே சார்?" என்றார் கருப்பன்.

"புத்தகத்தில் மேயவில்லை. நிற்கிறது" என்றார் அதிகாரி.

எருமைக்கு வருகைப் பதிவேடு திறக்கப்பட்டது. ஞாயிறு விடுமுறை.

ஜாத்திரைக் கூழின் படத்தில், எடுப்பாக இருக்கட்டும் என்று யாரோ மேலே ஒரு செர்ரிப் பழத்தை வைத்திருந்தார்கள். அதனால் செர்ரி இல்லாத கூழ் சட்டவிரோதமாயிற்று. கூழ் விற்கிற செங்கம்மா பேக்கரி பேக்கரியாக அலைந்து அரை கிலோ வாங்கிவந்து, குடிக்கிறவர்கள் அதை முழுங்கிவிடாமல் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். உடைப் பக்கத்தில் இருந்தவர் ஏதோ வடநாட்டுக் காலண்டரிலிருந்து வந்த சிவப்புத் தலைப்பாகைக்காரர். கடைவீதி ஆண்கள் எல்லோருக்கும் தலைப்பாகை கட்டாயம் என்றார்கள்.

இதையெல்லாம் தாமோதரன் பொறுத்துக்கொண்டார். அவர் நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். பத்து வருஷத்துக்கு முன் திருப்பதிக்கு வந்து துண்டு, லுங்கிக் கடை போட்டவர். மழைக்குக் கடையோரம் ஒதுங்குகிற ஆட்டைக்கூட "வாங்க சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மரியாதையாகச் சொல்லுகிற மனுஷன். தலைப்பாகைக்குள் வேர்த்துக்கொட்டியபோதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் திருவிழாப் பக்கத்துக்கு வந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலைக் கொத்தோடு வேஷம் போட்டு, எதிரே வருகிறவர்களை எல்லாம் நாக்கூசத் திட்டுவார்கள். அந்தத் திட்டு கங்கம்மாவின் வாயிலிருந்து வருவதாகக் கணக்கு. வாங்கிக்கொண்டவர் கோபப்படக் கூடாது. அவருக்கு அந்த வருஷம் நல்லது நடக்கும். திட்டு கிடைக்காமல் வீடு திரும்புகிறவர்கள் முகம் வாடிப் போவார்கள்.

தாமோதரனின் மகன் சந்துருவுக்கு அமெரிக்கா விசா இரண்டு தடவை இல்லையென்று ஆனபோது, அவர் மனைவி ரத்னம்மா கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டாள். மூன்றாம் தடவை கிடைத்தால் தன் புருஷன் வேஷம் போட்டு, ஊரிலேயே பெரிய உத்தியோகஸ்தனை நாலு பேர் நடுவில் முகத்துக்கு நேராகத் திட்டுவார் என்று. புருஷனைக் கேட்கவில்லை. விசா கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். வேண்டுதலைச் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் தீர்க்க வேண்டும்; சாய்ந்ததும் கோயில் வாசலில் செய்துவைத்திருக்கிற அம்மாவின் மண்முகத்தைக் கலைத்து ஜாத்திரையை முடித்துவிடுவார்கள். அப்புறம் திட்டினால் அது வெறும் சண்டை.

பத்து நாளாகத் தாமோதரன் கொல்லையில் தென்னைமரத்தின் எதிரே நின்று திட்டிப் பழகினார். "அடேய்" வரைக்கும் வந்தது. அதற்குமேல் "சாமி" என்று வந்துவிட்டது.

அந்த நிலைமையில்தான் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அறிவித்துப் போனார்கள்: ஜாத்திரையில் திட்டுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. தாமோதரன் அலுவலகத்துக்கு ஓடினார்.

கோபிகிருஷ்ணன் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். 'வேடமணிந்த ஆடவர் தெருத்தெருவாகச் சென்று மக்களை மனமாரப் புகழ்வர்' என்று இருந்தது.

"சூடண்டி, இங்கே பாருங்கள் தாமோதரன் காரு, திட்டுவார்கள் என்று வெளிநாட்டுக்காரனுக்கு எப்படி எழுதுவது? நாகரிகமாக எழுதினோம்."

"தப்பா எழுதிக்கிறீங்க சார்."

"ஊர் எத்தனை?"

"ஒண்ணு."

"புத்தகம் ஐயாயிரம். எது தப்பாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள்."

தாமோதரன் யோசித்துப் பார்த்தார். ஓட்டு எண்ணிக்கையில் ஊர் தோற்றுத்தான் போயிருந்தது. மகன், விசா, விமானம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அதிகாரி இரக்கப்பட்டு, வேண்டுதலைப் புகழ்ந்தே நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று எழுத்துமூலம் அனுமதி கொடுத்தார். பெரிய உத்தியோகஸ்தர் தேவைப்படுவதால் தானே முன்வரிசையில் உட்காருவதாகவும் வாக்களித்தார்.

வீட்டில் ரத்னம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். திட்டறேன்னு வேண்டிக்கினு கொஞ்சினா அம்மா சும்மா உடுமா, நடுக்கடல் மேல ஏரோப்ளேன் நின்னுட்டா யாரு தள்றது என்பது அவள் கவலை. சந்துரு, ஏரோப்ளேனைத் தள்ள மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயில் தெருவில் பந்தல் போட்டு ஆறு வெளிநாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புத்தகம், கையில் செர்ரி மிதக்கிற கூழ். நடுவில் சஃபாரி உடையில் கோபிகிருஷ்ணன். பக்கத்தில் மொழிபெயர்க்க, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற சந்தியா. தாமோதரன் உடம்பெல்லாம் குங்குமமும் தலையில் சிவப்புத் தலைப்பாகையுமாக வந்து நின்றார். கூட்டம் அடங்கியது. அவர் தலைப்பாகையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

"ஆரம்பியேன்யா, ஏரோப்ளேன் நிக்குது" என்று ரத்னம்மா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் வாடிக்கைக்காரரிடம் பேசுகிறதாக நினைத்துக்கொண்டார். பத்து வருஷப் பழக்கம் தானாக வந்தது.

"சாமி, உங்கள மாதிரி அதிகாரி கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும். பத்து மணின்னா பத்து மணிக்கு நாற்காலில நீங்களே குந்தினு இருப்பீங்க. உங்க கோட்டு மட்டும் குந்தினு இருக்கிறத நாங்க பாத்ததே இல்ல."

எங்கேயோ ஒருவன் களுக்கென்றான்.

"உங்க மேஜைல ஒரு காயிதம் வெச்சா மறுநாள் அது அங்க இருக்காது, வேல முடிஞ்சி வூட்டுக்கு வந்துடும். கொளம் தூர்வார வந்த பணத்துல கொளத்ததான் தூர்வாரினீங்க, வூட்டுக்கு மாடி எடுக்கல. இந்தப் புத்தகத்த அடிச்ச அச்சாபீஸுக்கும் உங்க மச்சானுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

தெரு வெடித்துச் சிரித்தது. சந்தியா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டி, அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோபிகிருஷ்ணன் முகம் தாமோதரனின் முதுகைவிடச் சிவந்தது. ஆனால் கோபப்பட வழியில்லை. ஜாத்திரை வழக்கப்படியும் கூடாது, புத்தகப்படியும் கூடாது.

நாவுக்கு ருசி கண்டுவிட்ட தாமோதரன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கருப்பனின் பாலில் தண்ணீர் என்பது மழைக்காலத்தில்கூடக் கலந்ததில்லை என்றார். பூசாரி அப்பாவு தட்டில் விழுகிற நோட்டையும் நாலணாவையும் ஒரே கண்ணால் பார்க்கிறவர் என்றார். என் பெண்டாட்டி என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டாள் என்றார். என் கடைத் துண்டு துவைத்தால் சுருங்காது என்று கடைசியில் தன்னையும் விடவில்லை. இதுவரை சிரித்தவர்கள் ஒவ்வொருவராக, தங்கள் முறை வருவதற்குள், வீட்டில் வேலை இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டு நழுவினார்கள். ஐந்து நிமிஷத்தில் தெரு காலி.

வேண்டுதல் சேர்ந்ததா இல்லையா என்று ரத்னம்மா கேட்டாள். பூசாரி அப்பாவு அதிகாரியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். "நாப்பது வருஷத்துல இந்த மாதிரித் திட்டு உழுந்தது இல்லம்மா. அம்மாவுக்குச் சேந்துட்சி" என்றார்.

விமானம் நடுக்கடலில் நிற்கவில்லை. சந்துரு போய்ச் சேர்ந்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் போனபின், இப்படிப்பட்ட நேர்மையாளரைக் கண்டதில்லை என்று கோபிகிருஷ்ணனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார்கள். இவ்வளவு நேர்மையானவரைப் பணம் புழங்குகிற இடத்தில் வைத்திருப்பது அவருக்கு அவமரியாதை என்று மேலிடம் கருதி, பழைய கோப்புகளுக்குக் கரையான் மருந்து அடிக்கும் பிரிவுக்கு மாற்றியது. தொழிற்சாலையும் வரவில்லை. பைசா வாங்காத ஊரில் வேலை எப்படி நடக்கும் என்று அவர்களுடைய உள்நாட்டுக் கூட்டாளி பயந்துவிட்டாராம்.

மாதம் ஒரு தடவை சந்துரு போன் பண்ணுவான். "ஆபீஸ்ல என்னைத் தெனம் புகழ்றாங்க நைனா. பிரமாதம், உன்ன மாதிரி ஆளே இல்லன்றாங்க."

பூத்தில் தாமோதரனும் ரத்னம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்னம்மா ரிசீவரை வாங்கினாள். "அப்படி இன்னாடா தப்பு பண்ணே?"

அவன் சிரித்தான். அடுத்த வருஷம் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. அவனுக்குக் கொடுத்த கடிதத்தில் முக்கால் பக்கம் பாராட்டு. கடைசி வரியில்தான் வேலை இல்லை என்று இருந்தது.

சந்துரு ஊர் திரும்பியபோது எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. தலைப்பாகைகள் துடைதுணி ஆகிவிட்டன. செங்கம்மாவின் செர்ரி காய்ந்து தொலைந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பிரதிகள் இன்னும் கையிருப்பில் இருந்ததால் எருமையின் வேலை மட்டும் நிரந்தரம் ஆக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. படிப்பு: பட்டம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.

முந்நூறு பேர் விண்ணப்பித்தார்கள். சந்துருவும் போனான். புதிய அதிகாரி அவன் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "உங்களைப் போலத் திறமைசாலியை நான் பார்த்ததே இல்லை, தம்பி" என்று ஆரம்பித்தார்.

சந்துரு எழுந்து, காகிதங்களை வாங்கிக்கொண்டு, மீதியைக் கேட்காமலே வெளியே வந்தான். வாசலில் அடுத்த முறைக்குக் காத்திருந்தவன் உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

"திட்டிட்டாங்க" என்றான் சந்துரு.