நூற்றுப்பன்னிரண்டாம் மூடி

வாழ்க டெஸ்மண்ட் மேச்சின். ஸ்டோக் மாநகரின் செங்கல் வீதியொன்றில், பதினேழாம் இலக்க இல்லத்தின் கார்க் கொட்டகையில், ஒன்பது கோடையும் ஒன்பது குளிரும் முழங்காலிட்டுத் தவமிருந்தவன். பகலெல்லாம் பீங்கான் ஆலையில் கழிவறைத் தொட்டிகளுக்கு மெருகேற்றிய அதே கையால் மாலையில் நட்டு முடுக்கியவன். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய இரும்புக் குழாய்களையும், கண்ணாடியிழைத் தகடுகளையும், மூன்றாம் பக்கம் இல்லாத ஒரு செய்முறைப் புத்தகத்தையும் கொண்டு, கூரையற்றதும் இருவர் மட்டுமே அமரத்தக்கதுமான பச்சை நிறக் காரொன்றைத் தானே படைத்தவன். அவன் புகழ் ஓங்குக.

அவன் தேவி கிளெனிஸும் வாழ்க. சாப்பாட்டு மேசைமேல் கியர்பெட்டி குடியேறிய முதலாண்டில் அவள் சிரித்தாள். விருந்தினர் கட்டிலில் காரின் முன்மூடி படுத்துறங்கிய மூன்றாமாண்டில் சிரிக்கவில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், பஸ் ஓட்டுநரையும் பல் மருத்துவரையும் ‘வாத்து’ என்று அன்பொழுக விளிப்பது அந்நகரின் தொல்மரபு. ஐந்தாமாண்டு முதல் கிளெனிஸ் தெருவில் எல்லாரையும் வாத்து என்றாள். கணவனை மட்டும் டெஸ்மண்ட் என்றாள்.

ரில் என்னும் கடற்கரை ஊரில் அவள் தங்கை இருந்தாள். அடுத்த ஆகஸ்டில் இந்தக் காரில் உன்னை அங்கே அழைத்துப் போவேன் என்று எட்டு முறை வாக்களித்தான் வீரன். எட்டு முறையும் அவள் தன் காரில் தனியே போய் வந்தாள்.

ஒன்பதாமாண்டு ஜூன் மாதம், அரசாங்கச் சோதனை நிலையத்திலிருந்து ஓலை வந்தது. வீட்டில் பிறந்த கார்கள் அங்கே தேறாமல் சாலைக்குரியன ஆகா. சோதனை நாளன்று காலை கிளெனிஸ் தன் சிறிய நீலக் காரின் பின்னிருக்கையில் துணிப்பையொன்றை வைத்து, வாசலில் நின்று சூளுரைத்தாள்.

“நானும் பின்னாலயே வர்றேன். தேறிச்சுன்னா வீட்டுக்கு. தேறலேன்னா அங்கேருந்து நேரா ரில். எப்போ வருவேன்னு கேக்காதே, டெஸ்மண்ட்.”

அவன் சீஸ் சுருட்டிய ஓட்ஸ் தோசையை நின்றபடியே தின்று முடித்துத் தேரேறினான். பக்கத்து வீட்டுக் கீத் ஷெல்டன் வேலிக்கு மேலே தலையை நீட்டினான். “ஓட்டிட்டுப் போறியா டெஸ், இல்ல தள்ளிட்டா?” என்றான். வீரர் இத்தகையோருக்கு விடை கூறுவதில்லை.

சோதனைச் சட்டங்கள் பலவற்றுள் கொடியது கோளச் சட்டம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையொன்றைச் சோதகர் காரெங்கும் உருட்டுவார். அது தொடுமிடம் எதிலும் கூர்முனை இருத்தலாகாது. அதனாலன்றோ, முந்தைய ஞாயிறு முழுதும் மண்டியிட்டு, போர்முனைக்குச் செல்லும் படைக்குத் தலைக்கவசம் அணிவிக்கும் தளபதியைப் போல், வெளித்தெரிந்த நட்டுகள் நூற்றுப்பன்னிரண்டுக்கும் நூற்றுப்பன்னிரண்டு ரப்பர் மூடிகளை அவன் அணிவித்தான்.

சோதகர் ட்ரெவர் ஸ்ப்ராஸ்டன் மெலிந்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவர் முன்னிலையில் பிரேக்குகள் மலையென நின்றன. விளக்குகள் உதயசூரியரென எழுந்தன. ஹாரன் எருமையெனக் கதறியது. யாவும் வென்றான் மேச்சின். இறுதியாகக் கோளம் எழுந்தது. கதவோரம் சென்றது, இருக்கையடியில் சென்றது, கிளெனிஸ் என்றேனும் அமர வேண்டிய இருக்கைக்கு முன்னுள்ள டாஷ்போர்டுக்குக் கீழே சென்றது. அங்கே டிக் என்றது.

நட்டொன்று மொட்டைத் தலையோடு நின்றது. வழியில் ஏதோவொரு வேகத்தடை அதன் மகுடத்தைக் கவர்ந்துவிட்டது.

“ஒண்ணு குறையுது, வாத்து,” என்றார் ஸ்ப்ராஸ்டன். “எனக்கு இப்போ டீ நேரம். கோப்பை காலியாகறதுக்குள்ள மூடி வந்திருந்தா சரி. இல்லேன்னா எழுதிடுவேன், ஆறு வாரம் கழிச்சு வா.”

ஆறு வாரத்துக்குப்பின் மறுசோதனை, அதற்கும் பின் பதிவெண். ஆகஸ்ட் அதற்குள் முடிந்துவிடும்.

அதன்பின் நிகழ்ந்த போரை எவ்வாறு உரைப்பது? கால்விரிப்பைப் புரட்டினான், அங்கில்லை; இருக்கைகளின் இடுக்கில் முழங்கைவரை விட்டுத் துழாவினான், அங்கே தன் மூன்றாமாண்டுத் திருப்புளியைக் கண்டான்; பேனா மூடியை ஏவினான், அது சிறுத்தது; பால் பாட்டிலின் மூடியை ஏவினான், அது பெருத்தது; மென்று கொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்துப் பார்த்து, அறமன்றென்று மீண்டும் வாயிலிட்டான். கண்ணாடிச் சன்னலுக்கப்பால் ஸ்ப்ராஸ்டனின் டீ, பங்குனி மாதத்துக் குளமென வற்றிக்கொண்டிருந்தது. அவர் பிஸ்கட்டை முக்கினார். அது உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டி தேடி எழுந்தார். விதி வீரனுக்கு அளித்த அவகாசம் ஒரு நிமிடம்.

நிறுத்துமிடத்தில் நீலக் கார் நின்றது. கிளெனிஸ் எதிரே பார்த்தபடி உள்ளே இருந்தாள். இந்தக் காருக்காக ஒன்பதாண்டில் அவன் அவளிடம் கேட்டதெல்லாம் கொஞ்சம் நகர்ந்துகொள் என்பது மட்டுமே. சன்னலருகே போய் நின்றான்.

“ஒரு மூடி வேணும்.”

“எவ்வளவு பெருசு?”

சுண்டுவிரல் நுனியைக் காட்டினான். அவள் அந்த விரலைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றி ஒன்பதாண்டுக் கருப்பு. பின்னிருக்கைக்குத் திரும்பிப் பையின் ஜிப்பைத் திறந்தாள்; மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து பயணத்துக்கான சிறிய பற்பசைக் குழாயை எடுத்தாள்; மூடியைத் திருகிக் கழற்றினாள்; குழாயைப் பைக்குள்ளேயே போட்டாள்.

“இந்தா, வாத்து.”

அவன் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு ஓடினான்.

மூடி நட்டின்மேல் பிறவிச் சிரசெனப் பொருந்தியது. உள்ளே ஒட்டியிருந்த பற்பசை, தன் பெயரின் பிற்பாதிக்கு முதன்முறையாக நியாயம் செய்தது. வாயைத் துடைத்தபடி வந்த ஸ்ப்ராஸ்டன் கோளத்தை உருட்டினார். சத்தமில்லை. விரலால் மூடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. குனிந்து முகர்ந்தார்.

“பெப்பர்மின்ட் வாசனை அடிக்குதே.”

“புதுக் கார் அப்படித்தான் இருக்கும்,” என்றான் வீரன்.

அவர் கையெழுத்திட்டார். முரசுகள் முழங்காவிடினும் முழங்கியதாகவே கொள்க. ஸ்டோக் மாநகர் தன் புகைபோக்கிகளைத் தாழ்த்தி வணங்கியதாகவே கொள்க. பச்சைத் தேர் முன்செல்ல, நீலத் தேர் ஒருபோதும் பின்தங்காமல் அதனைத் தொடர, சிவப்பு விளக்குகள் பலவற்றில் அருகருகே நின்று ஒருவரையொருவர் பாராததுபோல் பார்த்துக்கொண்ட அவ்விருவரும் பதினேழாம் இலக்க இல்லம் புகுந்த அக்காட்சி, நிலவும் கதிரும் உள்ளளவும் நிலைத்து வாழ்க.

கிளெனிஸ் பற்பசை அப்பிய துணிகளைப் பையிலிருந்து எடுத்து வாஷிங் மெஷினில் போட்டாள்.