வெர்னியர் கட்டிய மஞ்சள் சீட்டு

உலகத்து மனிதர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவு பிசகித் தயாரானவர்கள் என்பது வெர்னியரின் முடிவு. மீதி ஒருவர்? அவர் இன்னும் சோதனைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். இன்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. மில்லிமீட்டரை ஐம்பது துண்டாக்கி அளக்கும் வெர்னியர் கருவி அவர் சட்டைப் பையில் எப்போதும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கருவியின் பெயரே மனிதருக்கும் ஆகிவிட்டது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். அதாவது டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றுவார்கள். அதற்கான படிவத்தை நான் காப்பாற்றுவேன். வெர்னியர் அதற்கு முன் இருபது வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஆலை கதவை மூடியதும், எங்களிடம் கட்டில் சக்கரம், எடை மெஷின் வகையறாக்களைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே மூன்று பொருள்களில் சிவப்புச் சீட்டு கட்டினார். ஒன்று எடை மெஷின். இரண்டு வரவேற்பறைக் கடிகாரம். மூன்று என் நாற்காலி.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"ரிஜெக்ட் சார். நாலு காலும் நாலு ஒசரம். இத்தினி வருசமா நீங்க சாஞ்சிகினே கீறீங்க, தெரியாதா?"

அளந்து காட்டினார். உண்மைதான். அதுவரை உலகம்தான் கோணல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சீட்டு விவகாரத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் அளவு சரியான பொருளுக்குப் பச்சைச் சீட்டு. கெட்டதற்குச் சிவப்பு. சந்தேகம் வந்தால் மஞ்சள். அதைக் கட்டிவிட்டால் சந்தேகம் தீரும்வரை முதலாளியே வந்தாலும் அந்தப் பொருளைத் தொடக்கூடாது. நாலாவதாக ஒரு வெள்ளைச் சீட்டும் உண்டு. 'குறை இருக்கிறது, பரவாயில்லை, அனுப்பலாம்' என்பது அதன் பொருள். வெள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே வெர்னியருக்கு முகம் கறுக்கும்.

"அது சோம்பேறிங்க கண்டுபுட்ச்சது சார். இருவது வருசத்துல ஒரு வெள்ள கூட இந்தக் கையால கட்டினதில்ல."

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்தவர். உடல் பருத்தவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கி எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தார். வாயைச் சுருக்கினால் ஆகிற காரியத்துக்கு வயிற்றைச் சுருக்குவானேன் என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கிற ஆள் இல்லை.

"எடை ஒரு நம்பர், அவ்வளவுதான்" என்றார் எங்களைக் கூட்டி வைத்து. "அதுல கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணி எவ்வளவு, அதான் எனக்கு வேணும். ஆபரேஷனுக்கு அப்புறம் கொழுப்பு கரையணும். தசை கரைஞ்சா பேஷண்ட் கரைஞ்சுடுவாங்க."

அதற்காக இடுக்கி போன்ற ஒரு கருவியைக் கொண்டு வந்திருந்தார். கையின் பின்புறம், முதுகு, தொப்புள் பக்கம், தொடை என்று சில இடங்களில் தோலை மடிப்பாகக் கிள்ளி, அந்த மடிப்பின் தடிமனை அதனால் அளக்க வேண்டும். அதிலிருந்து உடம்பின் மொத்தக் கொழுப்பைக் கணக்கிடலாம். அளக்கிற வேலை என்றதும் எல்லாருடைய பார்வையும் ஒரே சட்டைப் பைக்குப் போயிற்று.

வெர்னியர் அந்தக் கருவியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மில்லிமீட்டர் வரிக்கும்தான் காட்டுமா?"

"ஆமா."

"கொத்தனார் கூட இத்த கையால தொட மாட்டான் டாக்டர்."

ஆனாலும் அவர் அதைத் தொட்டார். ஸ்பிரிங்கைக் கழற்றி எடைக்கல் தொங்கவிட்டுச் சோதித்தார். ஒரு வாரம் எங்களையெல்லாம் கிள்ளினார். காவலாளி, சமையற்காரர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாருக்கும் இயந்திர உதிரிப் பாகத்துக்குப் போடுவதுபோல முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று வரைபடம் போட்டார். என் மேல்தோற்றம் ஏறக்குறைய வட்டம். அதைக் கோப்பில் வைக்க வேண்டாம் என்று நான் உத்தரவிட்டது அதிகார துஷ்பிரயோகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பெண்களை அவர் தொட மாட்டார். அதற்கு ஆக்னஸ் சிஸ்டர். திரைக்கு உள்ளே சிஸ்டர் கிள்ளி அளவைச் சொல்ல, வெளியே சுவரைப் பார்த்து நின்று வெர்னியர் எழுதிக்கொள்வார். அதற்கு முன்னால் சிஸ்டருக்கு ஒரு மாதம் பயிற்சி நடந்தது. பயிற்சிப் பொருள், பிசைந்த சப்பாத்தி மாவு. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளக்க வேண்டும், மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்பது சட்டம்.

"மூணு தடவ பிதாவுக்கும் சுதனுக்கும்னு ஜெபம்தான் சொல்லியிருக்கேன்" என்றார் சிஸ்டர். "மாவைக் கிள்ளுறதுக்கும் மூணா?"

"ஜெபத்துல தப்பு வந்தா சாமி மன்னிக்கும் சிஸ்டர். அளவுல வந்தா யாரு மன்னிக்கறது?"

இத்தோடு நின்றிருந்தால் என் உத்தியோக வாழ்க்கை அமைதியாகக் கழிந்திருக்கும். வெளிநாட்டில் ஆட்களைத் தண்ணீருக்குள் முக்கி நிறுத்தும் முறையும் உண்டு, கொழுப்பு மிதக்கும் என்பதால் அதில் கணக்கு இன்னும் துல்லியமாக வரும் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தார். பின்புறம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி சும்மா இருந்தது. வெர்னியரும் சும்மா இருந்தார். அடுத்த புதன்கிழமை தொட்டிக்கு மேலே இரும்புச் சட்டம், அதில் சங்கிலிக் கப்பி, அதில் தராசு, அதில் ஒரு நாற்காலி. நாற்காலியைப் பார்த்ததும் தெரிந்தது: சிவப்புச் சீட்டோடு மறைந்துபோன என்னுடைய பழைய நாற்காலி.

முதலில் உட்கார்ந்தவர் மாங்காட்டிலிருந்து வந்த ஒரு கல்யாணச் சமையற்காரர். அவரைக் கழுத்து வரை இறக்கிவிட்டு வெர்னியர் தொட்டி விளிம்பில் குந்திக்கொண்டார்.

"அண்ணாத்தே, உள்ள கீற காத்தெல்லாம் வெளிய வுடணும். அப்பால தலய முக்கணும்."

"காத்த வுட்டுட்டா அப்புறம் இன்னாபா மிச்சம் கீது என்னாண்ட?"

"அத்தான் அளக்கறோம். வுடு, வுடு, ஃபுல்லா வுடு!"

அவர் மூச்சை விட்டார். தலையை முக்கினார். தொட்டி பொங்கி வழிந்து பார்வையாளர்களின் ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஓடியது. வெர்னியர் அளவை எழுதிக்கொண்டு சங்கிலியை இழுத்தார். இடுப்பு வரை வந்ததும் கப்பி நின்றுவிட்டது. பார்வையாளர் நேரம். மதில்மேல் தலைகள் முளைத்தன. சாலையில் பேருந்து வேகத்தைக் குறைத்தது. சொட்டச் சொட்ட அந்தரத்தில் தொங்கிய சமையற்காரர் கும்பிட்ட கையோடு, "நைனா, எறக்கு, இல்ல ஏத்து, ரெண்டுல ஒண்ணு பண்ணு!" என்றார்.

"இருங்கண்ணாத்தே. இன்னும் ரெண்டு தடவ முக்கணும்ல?"

அன்றைக்கு நான் எழுதிய விபத்து அறிக்கைக்குத் தலைப்பே கிடைக்கவில்லை. வழுக்கி விழுந்தால் படிவம் உண்டு, கட்டிலிலிருந்து விழுந்தால் உண்டு, தொங்கினால் இல்லை. தொட்டி அன்றோடு செடிகளுக்குத் திரும்பியது.

அந்த அறிக்கையின் விளைவாக, அளவெடுப்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று டாக்டரும் நானும் சேர்ந்து ஒரு விதியை எழுதினோம். அறுவை அரங்கப் பதிவேட்டில் புதிதாகப் பதினோராவது பத்தி ஒன்று. உடல் அளவுகள் முடிந்தன என்று அளந்தவர் அதில் கையெழுத்திடாமல் நோயாளியை உள்ளே விடக்கூடாது. விதியை டாக்டர் மிகவும் ரசித்தார். வெளிநாட்டு வாசனை அடிக்கிறது என்றார்.

பிறகு ஸ்டெல்லா டீச்சர் வந்தார்.

முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏற முடியாமல் மூன்று வருடமாகக் கீழ்த்தள வகுப்புகளிலேயே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு முறை அளந்தாயிற்று. ஆபரேஷனுக்கு முன் பத்து நாள் கஞ்சித் தண்ணீரும் மோரும் மட்டும் என்று அனுப்பி வைத்தார்கள். பத்து நாள் கழித்து வந்தபோது எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது.

டாக்டர் வார்டு நடுவிலேயே கேட்டார். "என்ன டீச்சர், கஞ்சியில பிரியாணியா?"

"இல்ல டாக்டர். மாதா சத்தியமா கஞ்சியும் மோரும்தான்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். அந்த மனிதர் தரையைப் பார்த்தார். "நான் வேலைக்குப் போயிடுறேன் சார், பகல்ல என்ன நடக்குதுன்னு..." என்று இழுத்தார். முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்த பெண்மணி பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு முன்னால் அழுதார். ஆபரேஷன் மறுநாள் காலை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இரைப்பையைச் சுருக்கிவிட்டால் திருட்டுத் தீனி தானே நிற்கும் என்பது அவர் கணக்கு.

காலையில் கடைசி அளவு. திரைக்கு உள்ளே சிஸ்டர், வெளியே சுவரோடு வெர்னியர். சாட்சிக் கையெழுத்துக்காக நானும் இருந்தேன்.

"தொடை. முப்பத்தாறு" என்றது திரை.

"ரெண்டாவது?"

"முப்பத்தி மூணு."

"மூணாவது?"

"முப்பது."

"சிஸ்டர், கை நடுங்குதா?"

"உங்க மூஞ்சியப் பார்க்காத வரைக்கும் என் கை நடுங்காது."

வெர்னியர் அந்த இடுக்கியை வாங்கித் தன் தொடையில் மூன்று முறை வைத்தார். ஒரே அளவு. என்னைக் கேட்காமலே என் கையைக் கிள்ளினார். ஒரே அளவு. மறுபடி டீச்சரிடம் போனது. அமுக்க அமுக்க அளவு இறங்கியது.

"கருவி சரியா கீது சார். கொழுப்புன்னா மூணும் ஒண்ணா நிக்கணும். இது ஸ்பாஞ்சு மாரி அமுங்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி சார். டீச்சரம்மா ஒண்ணும் துன்னல. உள்ள தண்ணி கோத்துகினு கீது."

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து, சிஸ்டரிடம் கொடுத்து, டீச்சரின் மணிக்கட்டில் கட்டச் சொன்னார். பதினோராவது பத்தியில் கையெழுத்திடவில்லை.

அரங்க வாசலில் வண்டி நின்றது. டாக்டர் பச்சை அங்கியோடு வெளியே வந்தார்.

"யாருய்யா என் பேஷண்டுக்குச் சீட்டு கட்டினது?"

"நான்தான் டாக்டர். பீஸ் டவுட்டா கீது. உள்ள தண்ணி கீது."

"ஆபரேஷனை நிறுத்த நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். ஃபேக்டரியிலயும் நான் இன்ஜினீயர் இல்ல. ஆனா நான் மஞ்ச கட்டினா இன்ஜினீயர் தொட மாட்டாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், அதைக் கழட்டச் சொல்லுங்க."

நான் வீரன் அல்ல. மேலதிகாரி இருமினால்கூடக் கோப்பில் குறித்துக்கொள்கிறவன். ஆனால் வண்டியில் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டை மறு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் தன்னை நம்பின ஒரே காகிதம் என்பதுபோல.

"பதினோராவது பத்தி காலியாக இருக்கிறது டாக்டர்" என்றேன். "விதியை மாற்ற வேண்டுமானால் குழுவைக் கூட்ட வேண்டும். அதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. விதியில் கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் நீங்களும் நானும்."

"தண்ணியாம் தண்ணி! இதோ பாருங்க!" என்று டாக்டர் போர்வையை விலக்கி, டீச்சரின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை ஆத்திரத்தோடு அழுத்தினார். எடுத்தார். விரல் போய்விட்டது, பள்ளம் போகவில்லை. எட்டு பேர் நின்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தோம். அது மேலே வர அவசரப்படவே இல்லை.

டாக்டரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தவறு கண்ணுக்குத் தெரிந்தால் பார்ப்பார். அங்கியைக் கழற்றினார். ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வெகுநேரம் டீச்சரின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு இருதய டாக்டருக்கு ஆள் அனுப்பினார். இருதயம் தளர்ந்து போய் உடம்பில் நீர் சேர்ந்திருந்தது. அந்தப் பருமனில் அது மறைந்திருந்தது. அந்தக் காலையில் மயக்க மருந்து கொடுத்திருந்தால் டீச்சர் மேசையிலேயே போயிருக்கக்கூடும் என்று இருதய டாக்டர் சொன்னார். எங்கள் டாக்டர் வார்டுக்குப் போய், அதே கட்டில்காரர்களுக்கு முன்னால், "டீச்சர், மன்னிக்கணும்" என்றார்.

மருந்தில் நீர் வடிந்து, எடையும் இறங்கி, டீச்சர் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் வெர்னியரைக் கூப்பிட்டார்.

"சார், நான் திருட்டுத்தனமா சாப்பிடலன்னு எழுதித் தருவீங்களா?" கணவர் இந்த முறையும் தரையைத்தான் பார்த்தார்.

வெர்னியர் மஞ்சள் சீட்டை வாங்கிப் பின்புறத்தில் எழுதினார்: 'இவர் பொய் சொல்லவில்லை. மூன்று முறை சோதித்தது.' கையெழுத்து, தேதி. முகப்பேர் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே அது கண்ணாடிச் சட்டத்தில் தொங்குவதாக ஆக்னஸ் சிஸ்டர் வந்து சொன்னார். சட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதாம். நல்ல வேளையாக வெர்னியர் அந்தப் பக்கம் போகவில்லை.

சில வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். என்னைப் போல நேர்மையும் கனிவும் பொறுமையும் கொண்ட மனிதரைக் கண்டதில்லை என்று ஆறு பேர் பேசினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வெர்னியர் அந்த இடுக்கியோடு வந்தார். என் கையின் பின்புறத்தில் மூன்று முறை கிள்ளினார். குறித்துக்கொண்டார். என் பையின் காதில் ஏதோ சீட்டைக் கட்டிவிட்டு, "வர்ட்டா சார்" என்று போய்விட்டார்.

பேருந்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். வெள்ளை.

சால்வை எங்கே போயிற்றோ தெரியாது. கடிகாரம் நின்று வெகு காலம் ஆயிற்று. சீட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. வெர்னியர் இறந்துபோனபோது நான் ஊரில் இல்லை. செய்தி தாமதமாகத்தான் வந்தது. இருந்திருந்தால் அவர் கையிலும் ஒன்று கட்டியிருப்பேன். எனக்கு அளக்கத் தெரியாது. ஆனாலும் பச்சையைத்தான் எடுத்திருப்பேன்.