மாப்பிள்ளை வாங்கித் தந்த காமிராவும் அதில் தெரியாத மாமனாரும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம். அவர் நலத்துக்கு என்ன குறைச்சல்? வாராவாரம் மகள் முகத்தை முழுசாகப் பார்க்கிறார். பூனையும் நலம். என் நலத்தை யாரும் விசாரிக்காததால் நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. உங்கள் முதுகுவலியையும், ஆபீசில் புது மேலாளர் கொடுக்கிற குடைச்சலையும் உங்கள் அத்தை மூலமாகத் தெரிந்துகொண்டேன். எனக்கு எல்லாமே அவர் மூலமாகத்தான் தெரியவருகிறது.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். போனில் பேசினால் இந்தப் பக்கம் உங்கள் அத்தை குறுக்கே வருவார், அந்தப் பக்கம் எங்கள் பாப்பா காதில் விழும். கடிதத்தில் குறுக்கே வர யாருக்கும் வழியில்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் பாப்பா பிரித்துவிடுவாள் என்பதால் ஆபீஸ் விலாசத்துக்கே போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயம், சென்ற முறை வந்தபோது தாங்கள் அன்போடு வாங்கித் தந்த வெப் காமிராவைப் பற்றியது. மாப்பிள்ளை கொடுத்த பொருளில் குற்றம் சொல்லும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது அழகில்லை, நானும் பார்க்கவில்லை. டப்பாவின் அடியில் விலைச் சீட்டைச் சுரண்டிய தடம் இருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை. இருந்தாலும், ஊரார் மூஞ்சியையெல்லாம் பாஸ்போர்ட் அளவில் படம் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில், வெறும் தொழில் அக்கறையில், ஒன்றிரண்டு சின்ன விஷயங்களை உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். தவறாக நினைக்கக் கூடாது.

முதலில் அதன் கிளிப். மானிட்டர் தலையைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டியது, முதல் வாரமே வாயைப் பிளந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அப்படியும் பாப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே காமிரா மெல்ல மெல்லத் தலையைக் குனிந்து, கடைசியில் என் சட்டைப் பொத்தானை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். "அப்பா, மேல் பட்டன் தொங்குது பாருங்க, அம்மாகிட்ட குடுத்து தைச்சுக்கங்க" என்றாள். அதுகூட அம்மாகிட்ட. அடுத்தது நிறம். ஒரே அறை, ஒரே சுவர், ஒரே ட்யூப்லைட். உங்கள் அத்தை அதில் பொன்னாகத் தெரிகிறார், நான் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி தெரிகிறேன். குரல் முதலில் போய்ச் சேர்கிறது, வாய் பிறகு சாவகாசமாக அசைகிறது. உங்கள் அத்தை மூச்சு விடாமல் பேசுவதால் எந்த வாயசைப்பு எந்தச் சொல்லுக்கு என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை. நான் எப்போதாவது ஒரு வார்த்தை பேசுகிறவன், என் குட்டு உடனே வெளிப்பட்டுவிடுகிறது. அப்புறம், முகம் எங்கே இருக்கிறதோ அங்கே மஞ்சள் கட்டம் போடும் என்று நீங்கள்தான் பெருமையாகக் காட்டினீர்கள். போடுகிறது. உங்கள் அத்தைக்குப் போடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறது. ஒரு நாள் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தலையணை உறைக்குப் போட்டது. எனக்குப் போடவில்லை. மூஞ்சியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு மூஞ்சியே இல்லை என்கிறது தங்கள் காமிரா. மீசை தடுக்கிறதோ என்று கல்யாணத்துக்கு முன்பிருந்து வைத்திருந்த மீசையை எடுத்தேன். கட்டமும் கண்டுகொள்ளவில்லை, பாப்பாவும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் அத்தை மட்டும், "ஏங்க, ஏன் உங்க தம்பி மாதிரி ஆயிட்டீங்க?" என்றார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன் மாப்பிள்ளை, ஆனால் அந்தக் காமிராவின் பார்வைக்குள் ஒன்றரை ஆள்தான் கொள்ளும். அந்த ஒன்று உங்கள் அத்தை. நான் ஒரு காதும் ஒரு தோளுமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் உள்ளே நகர்ந்தால், "இடிக்காதீங்க, பாப்பா முகம் மறைக்குது" என்பார். ஆனது ஆகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவிலிருந்து இரண்டு குடை விளக்கையும் நீலத் திரையையும் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். என் பக்கமாகப் பார்த்துத்தான் விளக்கைத் திருப்பி வைத்தேன், வெளிச்சம் போய் விழுந்தது எல்லாம் அவர் மேல். "அம்மா! பத்து வயசு குறைஞ்சு தெரியறம்மா!" என்று பாப்பா கூவினாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அதோடு விட்டாளா? "அப்பா, அந்தத் திரையை எடுங்கப்பா, பின்னாடி சமையக்கட்டு தெரிஞ்சாத்தான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றாள். நான் திரையைச் சுருட்டி முடிப்பதற்குள் பூனையைக் காட்டச் சொல்லிவிட்டாள். அந்தத் தடிப் பூனையிடம், "ஏன்டா செல்லம் இளைச்சுப் போயிட்டே? உன்னை யாரும் கவனிக்கலையா?" என்று ஒரே கொஞ்சல். எனக்குக் கிடைப்பதெல்லாம், "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? அம்மா எங்க?" அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு நேரே ஸ்டூடியோவுக்கு வந்து, சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே, நான் ஷட்டரை இழுத்துப் பூட்டும்வரை வாய் ஓயாமல் பேசின பிள்ளை அது. உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பொறாமை. கட்டின மனைவி மேலும் பொறாமை, பூனை மேலும் பொறாமை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் உங்கள் அத்தை குறட்டை விட்டுத் தூங்குவதைக் கேட்டால் இன்னும் எரிகிறது.

இப்படி இருக்கும்போது போன வாரம் உங்கள் அத்தை, அக்காவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்கு ரெண்டு நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தில் மட்டும் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைக்குச் சாயம் பூசி, சட்டையை இஸ்திரி போட்டு, காமிராவின் கண்ணை லென்ஸ் துணியால் துடைத்து, பூனையை மாடிக்குத் துரத்திக் கதவைச் சாத்திவிட்டு, நட்டநடுவில் உட்கார்ந்தேன். பாப்பா வந்தாள். "அம்மா எங்கப்பா?" என்றாள். பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "ஓ" என்றாள். நீங்கள் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். ஆக, நானும் என் மகளும் மட்டும். இதற்காகத்தானே தவம் கிடந்தேன்? தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆன கதையைச் சொன்னேன். ஸ்டூடியோவுக்குப் புது பிரிண்டர் வந்ததைச் சொன்னேன். சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

"அப்புறம்பா?" என்றாள்.

"அப்புறம் நீதான் சொல்லணும்" என்றேன்.

"அப்புறம் ஒண்ணுமில்லப்பா."

"வேற?"

"வேற என்ன, நீங்கதான் சொல்லணும்."

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எப்படி எழுதுவேன். எதிரி ஊரில் இல்லை, பூனை மாடியில், மகள் எதிரே, எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு "அப்புறம்" வந்தால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. தங்கள் காமிரா அடிக்கடி நின்றுபோய்ப் படத்தை அப்படியே உறையவைத்துவிடும் அல்லவா? நானும் உறைந்துவிட்டேன். வேண்டுமென்றேதான். வாயைப் பாதி திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி, அசையாமல். ஊருக்கெல்லாம் "அசையாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்லியே பிழைத்தவனுக்கு இது ஒரு வேலையா? "அப்பா? அப்பா, கேக்குதா? ச்சே, நின்னுபோச்சு" என்றாள். இணைப்பைத் துண்டித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். துண்டிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வாராவாரம் உங்ககிட்ட சொல்லணும்னுதான் உட்கார்றேன்ப்பா" என்றாள், நின்றுபோன என் படத்திடம். "உங்க மூஞ்சியைப் பார்த்தா சாப்பிட்டீங்களான்னுதான் வருது. எனக்கு வேலை போயிருச்சுப்பா. ஆள் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. என் படத்தை ஷோகேஸ்ல வெச்சிருக்கீங்க. வர்றவங்ககிட்டல்லாம் என் பொண்ணு பெரிய கம்பெனின்னு சொல்றீங்க. நான் எப்படிப்பா சொல்லுவேன்?"

அவள் ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஷோகேஸ் நடுவில் வைத்தது நான்தான். அதைக் காட்டிப் பெருமை பேசாமல் ஒரு வாடிக்கையாளரையும் நான் வெளியே விட்டதில்லை. எழுந்து மானிட்டரோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அசைந்தால் அவள் நிறுத்திவிடுவாள், ஆகவே அசையவில்லை. தூக்கிய கை மரத்துவிட்டது, கண் எரிந்தது. அந்தப் பாழாய்ப் போன பூனை எந்த ஜன்னல் வழியாக இறங்கி வந்ததோ, மேசைமேல் ஏறி, எனக்கு முன்னால் நிதானமாக நடந்துபோனது.

பாப்பா பேச்சை நிறுத்தினாள். "அப்பா... பூனை நடக்குது" என்றாள்.

நான் அப்போதும் அசையவில்லை. தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே.

"பூனை நடக்குதுப்பா. உங்க கண்ணுல தண்ணி வருது."

இவ்வளவு மட்டமான காமிராவில் அது மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ. கையைக் கீழே இறக்கினேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. "வேலைதானே பாப்பா, போனா இன்னொண்ணு வரும். ஷோகேஸ்ல இருக்கறது உன் மூஞ்சியா, கம்பெனி மூஞ்சியா?" என்றேன். அதற்கப்புறம் அவள் பேசினாள் பாருங்கள், அந்தப் பழைய ஸ்டூல் பேச்சு. மேலாளர் சொன்னது, மேசையைக் காலி செய்தது, தனியாக பஸ்ஸில் திரும்பிவந்தது, நீங்கள் சமைத்துப் போட்டது எல்லாம். நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது என்பதை இங்கே குறிப்பிட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஒன்று சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியாதுப்பா. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்." அம்மாவுக்குத் தெரியாது! இந்த வாக்கியத்தை ஃப்ரேம் போட்டு மாட்ட முடியாதே என்பதுதான் இப்போது என் கவலை. இரண்டு நாளாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு வேலை போன நேரத்தில் ஓர் அப்பன் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது தப்புதான், என்ன செய்வது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். ஒன்று, இந்த விவரம் எக்காரணம் கொண்டும் உங்கள் அத்தை காதுக்குப் போகக் கூடாது. இரண்டு, அடுத்த முறை வரும்போது நல்லதாக இன்னொரு காமிரா. விலைச் சீட்டைச் சுரண்டக்கூட வேண்டாம். அதை ஸ்டூடியோவில் வைத்து நானும் பாப்பாவும் தனியாகப் பேசிக்கொள்வோம். வீட்டிலிருப்பதை உங்கள் அத்தையும் பூனையும் வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், முதுகுவலி இல்லாமல், நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ வேண்டும். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வந்து இறங்கிவிட்டார். அக்காவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று மரியாதைக்குக் கேட்டேன். "அது போன மாசமே ஆபரேஷன் ஆகி, இப்ப ஊசியில நூல் கோக்கறா" என்றார். பின்னே எதற்குப் போனாய் என்றேன். "நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தா அவ எப்படி உங்ககிட்ட சொல்லுவா? வேலை போன அன்னைக்கே எங்கிட்ட அழுதுட்டா. அப்பாகிட்ட நீயே சொல்லுடின்னு வாராவாரம் சொல்றேன், என்னைப் பார்த்ததும் எங்கிட்டயே பேசிட்டு வெச்சிடறா. அதான் கிளம்பிப் போனேன்" என்றார். அம்மாவுக்குத் தெரியாது என்றாளே என்று கேட்டேன். "அதையும் நான்தான் சொல்லச் சொன்னேன். இல்லேன்னா நீங்க ராத்திரி பூரா உருண்டுக்கிட்டே இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைப் பிரிக்கப் போய்விட்டார்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஒன்று உறைத்தது. மகளை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு நாள் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். செய்திருக்க மாட்டேன். ஆகவே புதுக் காமிரா வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவைக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு, அதாவது நம் சம்பந்திக்கு, எனக்கு முன்னாலேயே இது தெரியுமா? தெரியும் என்றால், தயவுசெய்து இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம்.