இனி யாரும் பதில் சொல்லக்கூடாது

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் இனி எவரும் எவருக்கும் பதில் சொல்லக்கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டார். அதற்குக் கோச்சிங் கலாச்சாரம் என்று பெயர்.

டை கட்டிய ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். பதில் கேட்கிறவருக்குள்ளேயே இருக்கிறதாம். நாம் சொல்லிக் கொடுத்தால் அது உள்ளேயே செத்துப்போகுமாம். ஆகவே கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். அதுவும் ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியாக இருக்கக்கூடாது. இனி இங்கே அதிகாரி என்று யாரும் கிடையாது, எல்லோரும் கோச்தான் என்று இயக்குநர் அறிவித்தார். அவர் அறை வாசலில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே எரிந்தது.

முதல் வாரமே நல்ல பலன் தெரிந்தது. குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று ஒரு பெரியவர் காலிக்குடத்தோடு வந்தார்.

"தண்ணி வராததை நீங்க எப்படி உணர்றீங்க?" என்று கேட்டார் புகார்ப் பிரிவுக்காரர்.

"தாகமா உணர்றேன்."

"அருமை. இதுக்கு நீங்களே என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?"

பெரியவர் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். பிறகு போய் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டார். 'மனுதாரர் தீர்வைத் தமக்குள்ளேயே கண்டடைந்தமையால் புகார் முடித்துவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்கள். அந்த மாதம் போல் புகார் குறைந்த மாதம் அலுவலக வரலாற்றிலேயே இல்லை.

எனக்கு இருந்தது ஒரே கவலை. தபால் பிரிவில் வேலை. ஐந்தரைக்கு அலுவலகம் விடும்; என் மகளை விட்டிருக்கிற காப்பகம் ஆறுக்குப் பூட்டும். நடுவில் ஒரு பஸ், அதுவும் என்னைக் கண்டாலே வேகமெடுக்கிற ரகம். "இன்னும் ஒரு தடவை லேட்டானா பிள்ளை பேரை எடுத்துடுவேன்" என்று காப்பக அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். கால் மணி முன்னால் கிளம்ப அனுமதி கேட்டுப் பிரிவுத் தலைவரிடம் போனேன்.

"அஞ்சரை மணின்னா உங்களுக்கு என்ன தோணுதும்மா?"

"பஸ் போயிடும்னு தோணுது சார்."

"அந்த பஸ் உங்க வாழ்க்கையில எதைக் குறிக்குது?"

"இருபத்தேழாம் நம்பரை சார்."

நான் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார்.

சரி, இயக்குநரையே பிடித்துவிடலாம் என்று, ஒரு சாயங்காலம் அவர் லிப்டில் ஏறியபோது நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. மணியடித்தோம். லிப்ட் மெக்கானிக் அண்ணன் வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"கதவைத் திறய்யா" என்றார் இயக்குநர்.

"சொல்லக்கூடாது சார், கேக்கணும்."

"சரி, திறக்க முடியுமா?"

"அது ஆமா இல்லைன்னு முடியற கேள்வி சார்."

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. போன வாரம் கணக்குப் பிரிவுக்காரர் மாட்டிக்கொண்டபோது, பாவம் என்று உடனே திறந்துவிட்டார். 'ஊழியர் தாமே சிந்தித்து வெளியேறும் வாய்ப்பைப் பறித்தமைக்காக' மெமோ வந்தது. கையெழுத்து, இப்போது என் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவருடையது.

"அண்ணே, காப்பகத்தைப் பூட்டிடுவாங்கண்ணே" என்றேன்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதும்மா" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு மெமோ வந்தா வேலையே போயிடும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், வெளிய வரணும்கற ஆசைக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க?"

"பத்து."

"ஒன்பதுல நிக்காம பத்துக்குப் போக என்ன காரணம் சார்?"

இயக்குநர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுக்கு முட்டுதுய்யா."

"உண்மையான காரணத்தைத் தொட்டுட்டோம் சார்" என்றார் அண்ணன். வெளியே கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள்.

இயக்குநர் ஒரு காலில் நின்றபடி கடைசியாக வழிக்கு வந்தார். "கதவைத் திறக்கணும்கறது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாரு திறக்கணும்? நீ. எப்போ? இப்போ. இது எனக்குள்ளேயிருந்து வந்தது."

அண்ணன் சாவியைத் திருப்பினார்.

கதவு திறந்த சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன். குழந்தையோடு குழந்தையாக இருந்து வந்த பழக்கம், எது திறந்தாலும் கை தானாகத் தட்டும். நான் தட்டியதைப் பார்த்துப் பிரிவுத் தலைவர் தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மொத்த மாடியும் தட்டியது. இயக்குநர் கண்ணீரோடு எங்களைத் தாண்டி ஓடினார். "மனுஷன் உள்ளுக்குள்ள உடைஞ்சிட்டார்" என்று யாரோ நெகிழ்ந்து சொன்னார்கள்.

அவர் திரும்பி வந்தபோதும் கைதட்டல் ஓயவில்லை. இந்தக் கூத்தையெல்லாம் அவர் ரத்து செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரும் அதற்காகத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அத்தனை பேர் கைதட்டும்போது, தன் உத்தரவு முட்டாள்தனம் என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? "அந்த லிப்டுக்குள்ளதான் நான் என்னையே கண்டுபிடிச்சேன்" என்றார்.

நான் காப்பகத்துக்குப் போனபோது மணி ஆறே முக்கால். வாசற்படியில் அக்காவின் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையைக் காலைப் பிடித்துக் கடைசியாக ஒரு வாய்ப்பு வாங்கினேன்.

மறுநாள் உத்தரவு வந்தது. ஊழியர் அனைவரும், இருவர் இருவராக, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை நிறுத்தப்பட்ட லிப்டில் சுயதரிசனம் செய்ய வேண்டும். முதலில் கைதட்டி இத்திட்டத்தை வரவேற்ற தபால் பிரிவுப் பெண் ஊழியர், அனுபவசாலி என்ற முறையில், தினமும் உடனிருப்பார்.

சாயங்காலம் லிப்டுக்குள் போய் நின்றேன். மெக்கானிக் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்களேம்மா, பிள்ளைக்கு என்ன பண்ணப் போறே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கட்டிடத்தில் ஒரு மனுஷராவது அக்கறையோடு கேட்டாரே என்று, "தெரியலைண்ணே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றேன்.

"அருமை" என்று சொல்லிவிட்டு, அவர் லிப்டை நிறுத்தினார்.