சொந்தக்காரர் இல்லாத பட்டணம்

நிருஷா றால் உரித்துக்கொண்டிருந்தாள். விடியக் காலையில் வாவியில் பிடித்த றால். சட்டிக்குள் இன்னும் ஒன்றிரண்டு துள்ளின. தலையைக் கிள்ளி இந்தப் பக்கம், ஓட்டைக் கழற்றி அந்தப் பக்கம். விரல்கள் தம் பாட்டில் வேலை செய்தன. குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு பிள்ளைக்குத் தாயாகியும் புருசனோடு கதைக்கும்போது றாலைப் பார்த்துத்தான் கதைப்பாள். அவ்வளவு கூச்சம்.

எதிரே கதிரையில் விஜிதரன் இருந்தான். இருந்தான் என்பது பேச்சுக்கு. எழும்பினான். கிணற்றடி வரைக்கும் போனான். திரும்பி வந்து இருந்தான். போனைத் தடவினான். மறுபடியும் எழும்பினான்.

“நிருஷா, நான் ஒரு முடிவு எடுத்திட்டன்.”

“ம்.”

“வெளிநாடு போய் ரெண்டு வருசம் கம்ப்யூட்டர்ல மாஸ்டர்ஸ் படிக்கப்போறன்.”

“ஓம்,” என்றாள். ஒரு றால் தலை விழுந்தது.

அவள் அழுவாள், அதற்கு என்ன சொல்லலாம் என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தான். பேச்சு வீணாகப் போனது.

விஜிதரன் குருக்கள்மடத்தான். பயிற்சி நிலையம் ஒன்றில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறான். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டுக்கு, ஆரையம்பதிக்கு, வந்து சேர்ந்தவன். வீடு நிருஷாவின் சீதனம். அதே வளவுக்குள் இடது பக்கம் மாமி. வலது பக்கம் நிருஷாவின் அக்கா. பின்னால் தாய்மாமன். விஜிதரன் ஒரு தும்மல் தும்மினால் மூன்று குசினியில் கொத்தமல்லி அவியும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடப் படுத்தால், “மருமகனுக்கு என்ன, காய்ச்சலோ?” என்று வாசலில் கூட்டம் கூடிவிடும்.

ஆகவே அவன் தேடியது பல்கலைக்கழகத்தை அல்ல. பெண்சாதியின் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊரை. அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகமும் இருந்துவிட்டால் நல்லது.

“முதல் கனடாவைப் பாப்பம். டொரன்டோ,” என்று போனைப் பார்த்து வாசித்தான்.

“டொரன்டோவா? நல்லம். பெரிய மாமா ஸ்காபரோவிலதானே இருக்கார். உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கித் தருவார்.”

விஜிதரனின் விரல் சறுக்கியது. “அங்க பனி கூட. லண்டனைப் பாப்பம்.”

“ஈஸ்ட்ஹாமில சின்னம்மா. சனிக்கிழமையெண்டா இடியப்பம் அவிச்சிக் கொண்டுவந்து தருவா.”

“லண்டன்ல ஒரே மழை. மெல்பேர்ன்?”

“அக்காட மச்சினன். விமானத்தடிக்கே வந்து நிப்பார்.”

“அங்க வெயில். இந்த வெயிலே காணும். ஜெர்மனி?”

“ஜெர்மனியில எந்தப் பக்கம்?”

ஆள் இல்லாத பக்கம் எது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினான்.

றால் தலைகள் குவிந்தன. நாடுகளும் குவிந்தன. கடைசியில் ஓர் இடத்தில் விரல் நின்றது. பின்லாந்து. அதிலும் வடக்கு.

“பின்லாந்து,” என்று மெல்லச் சொன்னான். ஒரு சத்தமும் இல்லை. “பின்லாந்து, நிருஷா.”

நிருஷா யோசித்தாள். “அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

“அப்படியா? சரியான கவலைதான்,” என்று முகத்தைத் தொங்கப்போட்டான். தொங்கப்போடுவது மிகவும் கஷ்டமாக இருந்தது.

“அங்கயும் பனிதானே?”

“அது வேற பனி.”

“வேற பனியா?”

“காய்ஞ்ச பனி.”

நிருஷா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் பாயில் மகள் யதுஷா நித்திரை.

“எங்களையும் கூட்டிப்போக ஏலுமா?”

ஏலும் என்று பின்லாந்துக்காரர் எழுதித்தான் வைத்திருந்தார்கள். விஜிதரன் அந்த இடத்தைப் பெருவிரலால் மேலே தள்ளிவிட்டான்.

“படிக்கப் போறாக்கள் பெண்சாதி பிள்ளையைக் கொண்டுபோக விடமாட்டாங்க. சட்டம்.”

“ரெண்டு வருசமுமா?”

“கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

நிருஷா கையிலிருந்த றாலை உரிக்காமலே சட்டிக்குள் போட்டாள். பிறகு, “பிள்ளை உங்களைத் தேடுவாளே,” என்று மட்டும் சொன்னாள். விஜிதரன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

விண்ணப்பம் போட்டான். அந்தப் பட்டணத்திலேயே படிக்கிற ஒரு பொடியனையும் பேஸ்புக்கில் கண்டுபிடித்தான். பேர் சிவதர்ஷன். ஊர் குருக்கள்மடம். விஜிதரன் கலியாணம் கட்டி இங்கால் வந்த பிறகு வளர்ந்த பொடியன். தன்னுடைய ஊர், தன்னுடைய பக்கம். கடவுளே அனுப்பினது போல இருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த நிருஷா கேட்டாள். “அந்தப் பொடியன் என்ன குடி?”

விஜிதரன் சிரித்தான். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி முறை. பேரைப் பார்த்தோ ஊரைப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க ஏலாது. கேட்டால்தான் தெரியும்.

“செயற்கை நுண்ணறிவு படிக்கப்போற என்னட்டப் போய்க் குடி கேக்கிறாய்.”

“சும்மா கேட்டன்.”

“அங்க ஒருத்தரும் அதெல்லாம் கேக்கமாட்டாங்க. அதுதான் அந்த நாட்டின்ர அழகு.”

அன்றைக்கே வாவிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிவதர்ஷனுக்குக் குரல் செய்தி அனுப்பினான். “தம்பி, குடும்பத்தைக் கூட்டி வரச் சட்டம் விடாது எண்டு வீட்டில சொல்லியிருக்கன். நீ காட்டிக் குடுத்திராத. ரெண்டு வருசம் நான் நிம்மதியா மூச்சு விடவேணும்.”

“பிரச்சினை இல்ல அண்ணே,” என்று பதில் வந்தது.

அனுமதியும் வந்தது. விஜிதரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்து ஒரு குளிர்ச் சட்டை எடுப்பித்தான். ஆரையம்பதி வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் அங்கும் இங்கும் நடந்தான். கோயிலில் அன்றைக்கு நிருஷாவின் குடிக்காரர் நடத்தும் திருவிழா. வளவில் எல்லோரும் போய்விட்டார்கள். அவன் போகவில்லை. சட்டைக்குள் வேர்த்துக்கொண்டே பின்லாந்தில் நடந்துகொண்டிருந்தான்.

பொங்கலோடு திரும்பி வந்த நிருஷா, “கோயில்ல ஒரு பெரியம்மாவைக் கண்டன். குருக்கள்மடத்தால வந்தவ,” என்றாள்.

“ஆ, நல்லம்,” என்றான். குளிர்ச் சட்டையின் தொப்பி காதை மூடியிருந்தது.

அடுத்த நாள் காலையில் சிவதர்ஷனிடமிருந்து செய்தி. “அத்தான், எப்ப வாறீங்க?”

அத்தானா? முந்தாநாள் வரைக்கும் அண்ணே என்றுதானே எழுதினான். கை தவறியிருக்கும் என்று நினைத்தான். பின்னாலேயே இன்னொன்று வந்தது. “அக்கா சுகமா?”

விஜிதரன் எழும்பினான். இந்த முறை கிணற்றடிக்குப் போகவில்லை. நேரே குசினிக்குப் போனான். நிருஷா றால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“சிவதர்ஷன் உன்னை அக்கா எண்டு எழுதியிருக்கான்.”

“வேற எப்படி எழுதிறது? அவனும் பணிக்கனா குடி, நானும் பணிக்கனா குடி. எனக்குத் தம்பி முறைதானே. நேத்துக் கோயில்ல கண்டன் எண்டு சொன்னனே, அது அவன்ட அம்மாதான். போன்ல அவனைக் காட்டினவ. நானும் கதைச்சன்.”

“என்ன கதைச்சான்?”

“நல்ல பிள்ளை. அக்கா எண்டு தெரிஞ்சதும் ஒண்டையும் மறைக்கல்ல.”

விஜிதரன் போனைச் சட்டைப் பைக்குள் செருகினான்.

“சட்டம் மாறிட்டுதாம்,” என்றாள் நிருஷா, றாலைப் பார்த்தபடி. “பெண்சாதி பிள்ளையைக் கூட்டிப்போகலாமாம். எப்பயடா மாறினதெண்டு கேட்டன். எப்பவும் அப்படித்தானாம்.”

“அது வந்து, நிருஷா...”

“மறுகா, நீங்க மூச்சு விடக் கஷ்டப்படுறதையும் சொன்னான். எனக்குப் பயமாப்போச்சு. மூச்சு முட்டுற மனிசனைத் தனிய அனுப்பலாமா? நானும் பிள்ளையும் வாறம். பாஸ்போட் படம் இண்டைக்கு எடுக்கப்போறம். குடும்பமா வாறாக்களுக்கு அங்க வேற வீடாம். தம்பி அவன்ட வீட்டுக்குப் பக்கத்திலேயே கேட்டு வைச்சிருக்கான்.”

“பக்கத்திலேயா?”

“ஓம். ரெண்டுக்கும் ஒரே சுவர்தானாம்.”

விஜிதரன் இருந்தான். இந்த முறை உண்மையாகவே இருந்தான்.

“யோசிச்சுப் பாத்தா, கனடாவே நல்லம் போல கிடக்கு,” என்றான்.

“பனி கூட எண்டீங்களே.” சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். “இந்த மிச்சத்தை உரிங்க. அங்க போனா நீங்களும்தானே செய்யவேணும். ஆனா நீங்க சொல்றதிலயும் ஒண்டு இருக்கு. காய்ஞ்ச பனியெண்டாலும் பிள்ளைக்குக் கூடாது. பகல்ல நீங்க படிக்கப் போயிருவீங்க. நான் ஒருத்தியா என்ன செய்யிறது? தம்பியும் அதைத்தான் சொன்னான். அதால கொஞ்சக் காலத்துக்கு அம்மாவையும் எங்களோட—”

இடது பக்கத்து வீட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“நிருஷா, இஞ்ச ஒருக்கா ஓடி வா கா. மருமகன்ட குளிர்ச் சட்டை எனக்குக் கையில இறுக்குது.”